பல் இம்ப்ளான்ட்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

போன பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஸ்குரூ இறக்கி அதன் மேல் பொருத்தும் செயற்கைப் பல்தான் இம்ப்ளான்ட். அதன் செலவு என்றதும் எல்லோரும் ஸ்குரூ எந்த கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள். மொத்தச் செலவை அதைவிட அதிகம் ஏற்றி இறக்குவது தாடை எலும்பு. எலும்பு போதுமான அளவு இருந்தால் ஒரு சிறு அறுவை, ஒரு ஸ்குரூ, ஒரு கேப், மூன்று நான்கு மாதத்தில் வேலை முடிந்துவிடும். எலும்பு கரைந்துபோயிருந்தால் முதலில் அதை வளர்க்க வேண்டும்: தனி அறுவை, எலும்புத்தூள், அதை மூடும் சவ்வு, கூடுதலாக நான்கு முதல் ஒன்பது மாதக் காத்திருப்பு. பணத்தை மிச்சப்படுத்தும் பெரிய முடிவுகளில் பாதி, பல்லைப் பிடுங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டியவை.

பாகங்கள்

இம்ப்ளான்ட் என்று பேச்சில் ஒன்றாகச் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். எலும்புக்குள் இறங்கும் டைட்டானியம் ஸ்குரூ முதலாவது. அதன் மேல் பொருந்தி ஈறுக்கு வெளியே தலைகாட்டும் இணைப்பு இரண்டாவது. இதை அபட்மென்ட் என்பார்கள். அதன் மேல் உட்காரும் கேப் மூன்றாவது. அபட்மென்ட்டை ஸ்குரூவோடு இறுக்க ஒரு சின்ன உள் திருகாணி உண்டு. பின்னாளில் வரும் சில்லறைத் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தத் திருகாணியைச் சுற்றியே இருக்கும்.

டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதை ஸ்வீடனில் மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோன்மார்க் 1950களில் கண்டறிந்தார். 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். இன்றும் சிகிச்சையின் காலக்கெடுவை முடிவுசெய்வது இந்த ஒட்டுதல்தான். ஸ்குரூ விட்டம் வழக்கமாக 3.5 முதல் 5 மில்லிமீட்டர், நீளம் 8 முதல் 13 மில்லிமீட்டர். எலும்பின் உயரம் குறைவாக இருக்கும் இடங்களுக்கு 6 மில்லிமீட்டர் குட்டை ஸ்குரூக்களும் உள்ளன.

பல்லை எடுப்பதற்கு முன்

முதல் கேள்வி: அந்தப் பல்லை எடுத்தே ஆக வேண்டுமா? வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுக் காப்பாற்றக்கூடிய பல்லுக்கு இம்ப்ளான்ட் வைப்பது செலவிலும் நட்டம், உணர்விலும் நட்டம். வேர் நீளவாக்கில் பிளந்திருந்தாலோ, ஈறுக்கு மேலே பிடிமானத்துக்குப் பல்லே மிஞ்சவில்லை என்றாலோ, எலும்புப் பிடிப்பு போய்ப் பல் ஆடினாலோ பேச்சு வேறு. சந்தேகம் இருந்தால் வேர் சிகிச்சை நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். இம்ப்ளான்ட் மட்டுமே வைப்பவரிடம் கேட்டால் பதில் பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும்.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், எப்படி எடுக்கிறார்கள் என்பது முக்கியம். பல்லை எடுத்த ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி கரையும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் போய்விடும். கன்னம், உதடு பக்கத்து எலும்புச் சுவர் மெல்லியது. முரட்டுத்தனமாக நெம்பினால் அது உடைந்து பல்லோடு வந்துவிடும். பல வேர்கள் உள்ள பல்லை வேர் வேராகப் பிரித்து எடுப்பது நேரம் பிடிக்கும், கட்டணமும் சற்றுக் கூடலாம். ஆனால் அங்கே காப்பாற்றிய சுவர், பிறகு எலும்புத்தூள் வாங்கும் செலவைத் தவிர்க்கும். பல் எடுக்கப் போகும்போதே “இங்கே இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். இதற்குக் காசு கிடையாது.

எடுத்த பிறகு மூன்று வழிகள். அதே நாளில் குழிக்குள் ஸ்குரூ வைப்பது ஒன்று. சீழ் பரவாமல், சுவர்கள் முழுசாக இருந்தால்தான் சரிவரும். ஈறு மூடியதும் ஆறு முதல் எட்டு வாரத்தில் வைப்பது இரண்டாவது. எலும்பு ஓரளவு நிரம்பியதும் மூன்று நான்கு மாதத்தில் வைப்பது மூன்றாவது. எடுத்த கையோடு குழிக்குள் எலும்புத்தூள் நிரப்பலாமா என்றால், முன்பல்லுக்கும், சுவர் உடைந்த குழிக்கும், இம்ப்ளான்ட்டைப் பல மாதம் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும் நல்ல முதலீடு. சுவர் தடித்த கடைவாய்ப்பல் குழியில், இரண்டு மூன்று மாதத்தில் ஸ்குரூ வைக்கப்போகிறீர்கள் என்றால் பல சமயம் தேவைப்படாது. எல்லாக் குழிக்கும் தூள் என்பது கண்மூடித்தனம்.

யார் நிதானிக்க வேண்டும்

கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரை நோய் தடையல்ல. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 8க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள், அவசரப்படுத்தாதீர்கள். புகைபிடிப்பது தோல்வியை வெளிப்படையாகக் கூட்டுகிறது. ஒரேயடியாக விட முடியாதவர்கள்கூட அறுவைக்கு ஒரு வாரம் முன்பிருந்து பின் எட்டு வாரம் வரையாவது நிறுத்த வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கோ எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட், டெனோசுமாப் மருந்து எடுப்பவர்களும், தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களும் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். மறைத்தால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு. ஊசியாக எடுத்து முடித்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

வளர்ச்சி முடியாத பிள்ளைகளுக்கு வேண்டாம். இயற்கைப் பல் தாடையோடு சேர்ந்து மேலே வரும். ஸ்குரூ நின்ற இடத்திலேயே நிற்கும். சில ஆண்டுகளில் கேப் பக்கத்துப் பற்களைவிடக் குட்டையாகத் தெரியும். பதின்வயது முடியும்வரை தற்காலிகப் பல்லோடு சமாளிப்பதே சரி.

ஈறு நோய் இருப்பவர்கள் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். இயற்கைப் பல்லைச் சுற்றி வாழும் அதே கிருமிகள்தான் இம்ப்ளான்ட்டைச் சுற்றியும் குடியேறும்.

இம்ப்ளான்ட்தான் வேண்டுமா?

பக்கத்துப் பற்கள் இரண்டும் ஏற்கெனவே பெரிதாக அடைக்கப்பட்டு கேப் தேவைப்படும் நிலையில் இருந்தால், அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவே இல்லாத பல்லையும் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டும் பிரிட்ஜ் நியாயமான, சீக்கிரம் முடியும் வழி. அவை சொத்தையே காணாத நல்ல பற்களாக இருந்தால், அவற்றை ராவிப் பிரிட்ஜ் வைப்பதைவிட இம்ப்ளான்ட் மேல். கழற்றி மாட்டும் பல்செட் எல்லாவற்றையும்விட மலிவு. பணம் சேரும்வரை இடைக்கால ஏற்பாடாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எலும்பு கரைவது அதன் அடியில் நடந்துகொண்டே இருக்கும்.

எடுத்த ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ஸ்குரூ என்ற கணக்கும் தேவையில்லை. ஞானப்பல்லுக்கு மாற்று வேண்டாம். அதற்கு முந்தைய கடைசிக் கடைவாய்ப்பல் மட்டும் போனால், எதிர்ப்பல் இறங்கி வராமல் இருக்குமா என்று கேட்டுவிட்டு அப்படியே விடுபவர்கள் உண்டு. வரிசையாக மூன்று பற்கள் இல்லையென்றால் இரண்டு ஸ்குரூவின் மேல் மூன்று பல் பிரிட்ஜ் வைக்கலாம். கீழ் முன்பற்கள் நான்கும் இல்லையென்றால் இரண்டு ஸ்குரூ போதும். நான்கு வைக்க அங்கே இடமும் இருக்காது.

ஸ்கேனும் அளவும்

சாதாரண எக்ஸ்ரே உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அகலத்துக்கு சிபிசிடி எனும் முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். முழு முகத்தையும் எடுக்காமல், தேவையான பகுதியை மட்டும் எடுக்கச் சொன்னால் கதிர்வீச்சும் குறையும். ஸ்கேன் கோப்பை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

ஸ்கேனில் என்ன பார்க்கிறார்கள் என்பதை நீங்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்குரூவுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே குறைந்தது 1.5 மில்லிமீட்டர் எலும்பு வேண்டும். இரண்டு ஸ்குரூக்களுக்கு நடுவே 3 மில்லிமீட்டர். ஆக, 4 மில்லிமீட்டர் ஸ்குரூ ஒன்றுக்கு 7 மில்லிமீட்டர் இடைவெளி தேவை, இரண்டுக்கு 14. எலும்பின் தடிமனிலும் இரு பக்கமும் 1.5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். கீழ்த்தாடையில் உள்ளே ஓடும் நரம்புக் குழாய்க்கு மேலே 2 மில்லிமீட்டர் விட்டுத்தான் ஸ்குரூ நுனி நிற்க வேண்டும். மேல் கடைவாயில், பல் வேர்களுக்கு மேலே இருக்கும் சைனஸ் எனும் காற்றறை தாழ்ந்து வந்திருந்தால் உயரம் போதாது. குறை சிறிதென்றால், ஸ்குரூ வைக்கும் துளை வழியாகவே சைனஸ் சவ்வைச் சற்று உயர்த்துவார்கள். 4, 5 மில்லிமீட்டர்கூட இல்லையென்றால் பக்கவாட்டில் ஜன்னல் திறந்து எலும்பு நிரப்ப வேண்டிவரும். அது பெரிய அறுவை, பெரிய செலவு. அதற்குச் சம்மதிக்குமுன் குட்டை ஸ்குரூ போதுமா என்று கேளுங்கள். அது கொள்ளும் உயரம் இருந்தால் பல இடங்களில் போதும்.

கணினியில் திட்டமிட்டு அச்சிட்ட வழிகாட்டித் தகடு வைத்துத் துளையிடுவது, முன்பல்லுக்கும், நரம்புக்கு அருகிலும், பல ஸ்குரூக்கள் ஒரே நேரத்தில் வைக்கும்போதும் கொடுத்த காசுக்குப் பயன் தரும். தாராளமான எலும்பு உள்ள ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு, கை தேர்ந்தவர் தகடு இல்லாமலே சரியாக வைத்துவிடுவார்.

விலைப்பட்டியல் வாங்கும்போது

விளம்பரத்தில் வரும் தொகை பல சமயம் ஸ்குரூவுக்கு மட்டும். எழுத்தில், பாகம் பாகமாகக் கேளுங்கள்:

1. ஆலோசனை, ஸ்கேன், பல் எடுத்தல்.
2. ஸ்குரூ: கம்பெனி, மாடல், விட்டம், நீளம்.
3. எலும்புத்தூள், சவ்வு: கட்டாயமா, அறுவையின்போது பார்த்து முடிவெடுப்பதா? இரண்டாவதென்றால் அதிகபட்சம் எவ்வளவு கூடும்?
4. ஈறு ஆறுவதற்கான மூடி, அபட்மென்ட். அசல் கம்பெனி அபட்மென்ட்டா, வேறொருவர் செய்ததா?
5. காத்திருக்கும் மாதங்களுக்கான தற்காலிகப் பல்.
6. கேப்: என்ன பொருள், திருகாணியில் இறுக்குவதா, பசையில் ஒட்டுவதா?
7. கேப் வைத்த பின் முதல் ஆண்டுப் பரிசோதனை, எக்ஸ்ரே.
8. ஸ்குரூ ஒட்டாமல் போனால் திரும்ப வைக்க யார் செலவு?

எட்டாவது கேள்வியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். “வாழ்நாள் உத்தரவாதம்” என்றால் பெரும்பாலும் கம்பெனி புது ஸ்குரூ தரும் என்று மட்டும் பொருள். அறுவைக் கூலியும் புதுக் கேப்பும் அதில் அடங்காமல் இருக்கலாம்.

கம்பெனி விஷயத்தில் பார்க்க வேண்டியது இரண்டுதான். நீண்டகால ஆய்வுகள் வெளியான தயாரிப்பா? பதினைந்து ஆண்டு கழித்து அதே திருகாணியும் அதைத் திருப்பும் கருவியும் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் நடுத்தர விலைத் தயாரிப்பு தாராளமாகப் போதும். விலை கூடிய பெயருக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. அபட்மென்ட்டும் திருகாணியும் மட்டும் அசலாக இருக்கட்டும். மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் பொருத்தம் பிசகினாலும் திருகாணி தளர்ந்துகொண்டே இருக்கும், சமயத்தில் உள்ளேயே உடையும்.

வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்ச் செய்வதென்றால், குறைந்தது இரண்டு பயணம், நடுவே மூன்று நான்கு மாதம் என்று கணக்கிடுங்கள். ஸ்குரூவில் கோளாறு வந்தால் இன்னொரு பயணம். அதையும் சேர்த்த பிறகும் மலிவாக இருந்தால் போகலாம்.

அறுவை நாள்

ஒற்றை ஸ்குரூ என்றால் மரத்துப்போகும் ஊசி போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நோய்த்தொற்றைத் தடுக்க ஒரு மணி நேரம் முன்பு ஒரு வேளை ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கம். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் நினைவூட்டுங்கள்.

ஈறைத் திறந்து, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்துவார்கள். துளையிடும் கருவி மேல் உப்புநீர் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே அதன் உயிரணுக்கள் சேதமாகும். மழுங்கிய கருவியும் அவசரமும் இந்தச் சூட்டைத்தான் உண்டாக்கும். பிறகு ஸ்குரூவை இறக்குவார்கள். இறுகும் விசை 25 முதல் 45 நியூட்டன் சென்டிமீட்டர் வந்தால் நல்ல பிடிப்பு. மிகத் தளர்வாக இருந்தால் அசையும். மிக இறுக்கினால் எலும்பு நசுங்கிக் கரையும்.

விசை 35க்கு மேல் வந்தால் அன்றே தற்காலிகப் பல் பொருத்தலாம் என்பார்கள். “ஒரே நாளில் பல்” விளம்பரங்களின் அடிப்படை இதுதான். அந்தப் பல் தற்காலிகம், எதிர்ப்பல்லில் முட்டாதபடி குட்டையாக வைப்பது. நிரந்தரக் கேப் அதே மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகுதான். முன்பல்லில் முகத்தோற்றத்துக்காக இது நியாயம். கடைவாயில் கூடுதல் ஆபத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

கிளம்புமுன் ஸ்குரூ பாக்கெட்டில் இருக்கும் ஒட்டுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, மாடல், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும்.

முதல் இரண்டு வாரம்

முதல் நாள் கன்னத்தின் வெளியே 15 முதல் 20 நிமிடம் ஐஸ் ஒத்தடம், அதே அளவு இடைவெளி, மறுபடி ஒத்தடம். வாய் கொப்பளிக்கவோ, துப்பவோ, ஸ்ட்ராவில் உறிஞ்சவோ வேண்டாம். இரத்தக் கட்டி நகர்ந்துவிடும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பிறகு வடியும். அடுத்த நாளிலிருந்து குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி. இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் பல்லில் கறை படியும். மென்மையான, சூடு ஆறிய உணவு. மெல்லுவது மறுபக்கம். தையல் ஏழு முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள்.

உடனே போன் செய்ய வேண்டியவை: அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடும் வலியோ வீக்கமோ, காய்ச்சல், சீழ். எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. மரத்துப்போகும் மருந்தின் வேகம் இறங்க வேண்டிய நேரம் தாண்டியும் கீழுதடும் மோவாயும் மரத்தே இருந்தால், ஸ்குரூ நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒன்றரை நாளுக்குள் அதை எடுத்தாலோ பின்னுக்குத் திருப்பினாலோ நரம்பு மீளும் வாய்ப்பு அதிகம். தானாகச் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள்.

காத்திருப்பும் கேப்பும்

கீழ்த்தாடையில் இரண்டு மூன்று மாதம், மேல்தாடையில் மூன்று நான்கு மாதம். எலும்பு நிரப்பியிருந்தால் அதற்கு மேலும். மேல்தாடை எலும்பு பஞ்சு போன்றது, அதனால்தான் தாமதம். இந்தக் காலத்தில் வலி இருக்காது என்பதாலேயே அந்தப் பக்கம் கடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்குரூ 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும்; பிறகு கழற்றத்தான் வேண்டும்.

கேப்பைத் திருகாணியில் இறுக்கும் வகை முடிந்த இடத்திலெல்லாம் நல்லது. மேலே ஒரு சிறு துளை, அதில் டெஃப்லான் டேப் சுருட்டி வைத்து, பல் நிற அடைப்பால் மூடுவார்கள். எப்போது வேண்டுமானாலும் திறந்து கழற்றிச் சுத்தம் செய்யலாம். பசையில் ஒட்டும் வகையில், பிதுங்கி ஈறுக்கடியில் போகும் பசைத் துணுக்கு பின்னாளில் சீழுக்குக் காரணமாகும்; ஒட்டினால் எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்க வேண்டும். கேப் வைத்த அன்று எடுக்கும் எக்ஸ்ரேவைப் பத்திரப்படுத்துங்கள். வருங்காலத்தில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அடிப்படை அதுதான். கடைவாய்க்கு ஜிர்கோனியா எனும் கடினமான வெண் செராமிக்கோ, உலோகத்தின் மேல் செராமிக் பூசியதோ, இரண்டும் சரி.

ஒரு பல்லும் இல்லாதவர்களுக்கு

முழு வாய்க்கும் நிலையான பல் என்றால் ஒரு தாடைக்கு நான்கு முதல் ஆறு ஸ்குரூ. பணம் இடிக்கிறதா? கீழ்த்தாடையில் முன்பக்கம் இரண்டே ஸ்குரூ வைத்து, பட்டன் போல அழுத்தி மாட்டும் பல்செட் செய்துகொள்ளலாம். 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியதே இதுதான் என்று ஒப்பினார்கள். கீழ்ச்செட் ஆடிக்கொண்டே இருக்கும் தொல்லை ஒழியும். பழைய செட் நல்ல நிலையில் இருந்தால் அதையே மாற்றியமைக்கவும் முடியும். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும். ஓராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவு சிறியது.

பிறகு வரும் கோளாறுகள்

இம்ப்ளான்ட் சொத்தையாகாது. ஆனால் சுற்றியுள்ள ஈறு வீங்கி இரத்தம் கசிவது முதல் எச்சரிக்கை. இந்த நிலையில் சுத்தம் செய்தாலே திரும்பிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் எலும்பு கரையத் தொடங்கும், போன எலும்பை மீட்பது கடினம். வலி கடைசியில்தான் வரும். தினமும் இருமுறை துலக்குவதோடு, கேப்பின் இரு பக்கமும் இடைப்பல் பிரஷ் ஓட வேண்டும். அதன் கம்பி பிளாஸ்டிக் பூசியதாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், ஈறு நோய் இருந்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தையாக ஒரு நார்ப்படலம் உண்டு. அதிகமாகக் கடித்தால் அது உணர்த்தும். இம்ப்ளான்ட்டுக்கு அது கிடையாது. தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் செராமிக்கை உடைப்பதும் திருகாணியைத் தளர்த்துவதும் இதனால்தான். இரவில் போடும் பல்லுறை இவர்களுக்குச் செலவல்ல, காப்பு.

கேப் ஆடுகிறது என்றால் ஸ்குரூ போய்விட்டது என்று பதற வேண்டாம்; பெரும்பாலும் உள் திருகாணி தளர்ந்திருக்கும். அடைப்பை எடுத்து, புதுத் திருகாணி போட்டு, தயாரிப்பாளர் சொன்ன விசைக்கு இறுக்கினால் சரியாகும். பல தயாரிப்புகளில் அது 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர். ஆடும்போதே அதில் மென்றுகொண்டிருந்தால் திருகாணி முறியும், முறிந்த துண்டை எடுப்பது தனி வேலை. அந்த மருத்துவர் ஊரில் இல்லையென்றால் வேறொருவரிடம் போகும்போது ஒட்டுச்சீட்டை எடுத்துப் போங்கள். அது இல்லாவிட்டால் எக்ஸ்ரேவைப் பார்த்து எந்த கம்பெனி என்று ஊகிப்பதிலேயே நாள் போய்விடும்.